பறை, பலகை, சுண்டல்: காலனியில் ஒரு மாலைப்பள்ளி நடத்தும் வேலை

பெயர்ப்பலகையிலிருந்தே தொடங்கலாம். அதில் 'பள்ளி' என்று எழுதாதீர்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி, அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மாலையில் இரண்டு மணி நேரம் பாட்டும் பறையும் வாசிப்பும் சொல்லித்தரும் இடத்துக்கு அந்த அங்கீகாரம் தேவையில்லை. ஆனால் பலகையில் அந்தச் சொல் இருந்தால், உங்களைப் பிடிக்காத ஒருவர் மனு எழுத அதுவே போதும். 'மாலைநேரக் கல்வி மையம்', 'கலைக்கூடம்', 'பயிலகம்' என்று ஏதாவது எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எப்படியும் 'பறை ஸ்கூல்' என்றுதான் சொல்லப் போகிறார்கள். பகலில் அரசுப் பள்ளிக்குப் போகாத பிள்ளை மாலையில் இங்கே வந்தால், முதல் வேலை அந்தப் பள்ளியில் திரும்பச் சேர்ப்பது. இந்த இடத்தை அந்தப் பள்ளிக்கு மாற்றாக ஆக்கிவிடக் கூடாது.

இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை. 1894லேயே சென்னை ஊரூரில், பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான கர்னல் ஆல்காட் 'பஞ்சமர்' பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளியாக அது இன்றும் நடக்கிறது. இப்போது வேண்டியது பள்ளிக்கூடம் கட்டுவது இல்லை. பள்ளிக்கூடம் இருக்கிறது, பிள்ளையும் போகிறது. அங்கே போய்வந்த பிள்ளை தலைநிமிர்ந்து நிற்க ஓர் இடமும், விட்டுப்போன எழுத்தைக் கூச்சமில்லாமல் எட்டிப்பிடிக்க ஒரு மணி நேரமும்தான் வேண்டும்.

இடமும் நேரமும்

ஊர்த்தெருவில் இடம் கிடைத்தால் காலனிப் பிள்ளை வாசலில் நிற்கும். காலனியில் வைத்தால் ஊர்ப்பிள்ளை வராது. எல்லாரும் கலந்து படிக்கட்டும் என்ற ஆசையில் முதல் நாளே பொதுவிடத்துக்குப் போனால் என்ன ஆகும்? முதல் மாதம் நாற்பது பிள்ளைகள் இருப்பார்கள். மூன்றாம் மாதம் காலனிப் பிள்ளைகள் பின்வரிசைக்குப் போயிருப்பார்கள். ஆறாம் மாதம் ஒரு பக்கத்துப் பிள்ளைகள் வருவதே முழுதாக நின்றிருக்கும். முதல் இரண்டு ஆண்டு காலனிக்குள்ளேயே நடத்துங்கள். அங்கே பிள்ளைகள் கை ஓங்கிய பிறகு, அரசுப் பள்ளி வளாகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை எல்லாருக்கும் பொதுவான நாடக வகுப்பு வைக்கலாம். அதற்குத் தலைமையாசிரியரின் வாய்மொழி போதாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் வேண்டும். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். ஆகவே காலனித் தாய்மார் இரண்டு பேர் குழுவுக்குள் இருந்தால் தீர்மானம் வரும்.

காலனிக்குள் சமுதாயக்கூடம் இருந்தால் சாவி யாரிடம் என்று பாருங்கள். பெரும்பாலும் உள்ளே பந்தல் கால், தேர்தல் சாமான், யாரோ போட்ட சிமெண்டு மூட்டை கிடக்கும். ஊராட்சித் தலைவர் வாயால் தந்த அனுமதி அடுத்த தேர்தலோடு போய்விடும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் ஒன்றில் "மாலை 5.30 முதல் 7.30 வரை பிள்ளைகள் கல்விக்கு" என்று நேரத்தோடு தீர்மானம் போட்டு, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். நேரம் குறிக்காத தீர்மானத்தை வைத்துக்கொண்டு காதுகுத்து நாளில் வாசலில் நின்று சண்டை போட முடியாது.

வெளித்திடல் இல்லாத கூடம் பறைக்கு ஆகாது. மூடிய அறைக்குள் பத்துப் பறை ஒன்றாக அடித்தால் காது தாங்காது, கற்பதும் நடக்காது. கையை வீசி ஆட ஒரு பிள்ளைக்கு ஐந்தடிக்கு ஐந்தடி வேண்டும். இருபது பேருக்கு ஐந்நூறு சதுர அடி, அதாவது 25 அடிக்கு 20 அடி. தரை சிமெண்டாக இருந்தால் வெறுங்காலில் குதித்துக் குதிகால் வலிக்கும். தண்ணீர் தெளித்து அமுக்கிய மண்தரை நல்லது.

நேரத்தைப் பெண்பிள்ளைகள் வீட்டுக்குப் போக வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். 7.30க்கு முடிய வேண்டுமானால் 5.30க்குச் சுண்டல், 5.45க்கு வாசிப்பு, 6.30க்குக் கலை, 7.15க்கு வட்டமாக உட்கார்ந்து பத்து நிமிடம் பேச்சு. கலையை முதலில் வைத்தால் பிள்ளைகள் சரியாக வந்துவிடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் பறை அடித்த கை அடங்கப் பத்து நிமிடம் ஆகும், வாசிப்பு அதில் கரைந்துபோகும். ஒரு விதியை மட்டும் எந்த நாளும் உடைக்காதீர்கள்: "வீட்டுப்பாடம் முடிக்காதவனுக்குப் பறை கிடையாது" என்று சொல்லக் கூடாது. முடிக்காத பிள்ளை பெரும்பாலும் படிக்கத் தெரியாத பிள்ளை. பகலில் ஒருமுறை தோற்றதற்கு மாலையில் இன்னொரு தண்டனை தருவதாக ஆகும். அந்தப் பிள்ளைதான் திடலில் முதல் ஆளாக அடியைப் பிடிப்பான் என்பதை எந்தப் பறை வாத்தியாரைக் கேட்டாலும் சொல்வார்.

பறை

தஞ்சைப் பக்கம் தப்பு, வேறு சில ஊர்களில் தப்பட்டை. வேப்பமரத் துண்டு மூன்றை வளைவாகச் செதுக்கி, இரும்புத் தகடு வைத்து வட்டமாகப் பிணைத்து, மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் இழுத்து ஒட்டியது. பெரியவர்கள் அடிக்கும் பறை குறுக்களவில் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் இருக்கும். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதைவிட இரண்டு அங்குலம் சிறியதாகச் செய்யச் சொல்லுங்கள். பெரிய பறையைத் தோளில் மாட்டினால் பிள்ளை பின்பக்கம் சாய்ந்து நிற்கும், கால் வராது. குச்சி இரண்டு. வலக்கையில் அடிக்குச்சி, குட்டையும் தடிப்புமாய்ச் சுமார் 18 சென்டிமீட்டர். இடக்கையில் மூங்கிலில் சீவிய சிண்டுக்குச்சி, மெல்லிசாய்ச் சுமார் 28 சென்டிமீட்டர். சிண்டுக்குச்சிதான் முதலில் உடையும். ஒரு பறைக்கு ஐந்து சீவி வைத்துக்கொள்ளுங்கள். சீவிய விளிம்பை உப்புத்தாளால் தேய்க்காவிட்டால் சிலாம்பு கையில் ஏறும்.

இருபது பிள்ளைகளுக்கு ஆறு பறை போதும். இருபது வாங்காதீர்கள். முதல் மூன்று வாரம் யாருக்கும் பறை கிடையாது. பழைய சைக்கிள் டயரும் கவிழ்த்த பிளாஸ்டிக் வாளியும் போதும். அடியை முதலில் வாயால் சொல்ல வேண்டும், பிறகு கைதட்டு, பிறகு கால், கடைசியில் குச்சி. சொற்கட்டு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். உங்கள் ஆசிரியர் எந்தச் சொல்லில் கற்றாரோ அதையே சொல்லட்டும், புத்தகத்தில் பார்த்து மாற்ற வேண்டாம். 'டண்டணக்கா' என்று சினிமா கேலிக்கு எடுத்துக்கொண்ட ஓசையைப் பிள்ளைகள் முதல் நாள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நாலாம் வாரம் அந்தச் சிரிப்பு இருக்காது, எண்ணிக்கை தவறுமோ என்ற கவலைதான் இருக்கும்.

தவறு வரும் இடங்கள் எப்போதும் ஒன்றுதான். இரண்டு குச்சியையும் பிள்ளை இறுக்கிப் பிடிக்கும், இடக்கை விறைத்துப்போகும். இடக்கையின் முன்கை சட்டத்தை உடம்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும். சிண்டுக்குச்சி தோலின்மேல் படுத்தாற்போல் இருந்து விரல் அசைவில் தட்ட வேண்டும். அடிக்குச்சி மணிக்கட்டிலிருந்து விழ வேண்டும், தோளிலிருந்து இல்லை. தோளிலிருந்து அடிக்கும் பிள்ளை பத்து நிமிடத்தில் களைத்துப்போய், "எனக்கு வராது சார்" என்று உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தால் வாளிக்குத் திருப்பி அனுப்புங்கள், வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

தோல்பறையைக் காய்ச்சாமல் அடித்தால் சத்தம் சப்பென்று இருக்கும். வைக்கோலோ பனையோலையோ போட்டு எரியவிட்டு, தோலை நெருப்பைப் பார்க்கப் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரம் போய்த் தோல் இறுகும்போது விரலால் சுண்டிப் பார்த்தால் ஓசை கிண்ணென்று ஏறுவது தெரியும். அதோடு நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று பிடித்தால் விளிம்பில் பசை விடும், அல்லது நடுவில் கீறும். காய்ச்சுவது பெரியவர் வேலை மட்டுமே. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல் இருக்க வேண்டும், பாவாடை கட்டிய சின்னப் பிள்ளைகள் பத்தடிக்கு அப்பால் நிற்க வேண்டும். மழைக்காலத்தில் காய்ச்சிய சூடு ஒரு பாட்டுக்குக்கூட நிற்காது. ஐப்பசி, கார்த்திகைக்கு மட்டும் ஃபைபர் பறை மூன்று வைத்துக்கொள்ளலாம். நெருப்பு வேண்டாம், திருகாணியைத் திருகினால் போதும். ஓசை மெல்லியது, தோலின் கனம் வராது. பழகுவதற்குத் தாங்கும்.

"விட்ட தொழிலைத் திரும்பக் கையில் கொடுக்குறீங்களா?"

இந்தக் கேள்வி வரும். வந்தே தீரும். பெரும்பாலும் ஒரு தகப்பனார் கேட்பார். அவருடைய அப்பா சாவு வீட்டில் அடித்து, வாசலுக்கு வெளியே நின்று அரிசி வாங்கியவராக இருப்பார். "எங்கப்பா அடிச்சது போதும். எம்புள்ள கம்ப்யூட்டர் படிக்கட்டும்." இதற்குப் பதிலாகப் பறையின் பழம்பெருமையைப் பேச ஆரம்பித்தால் அந்த வீட்டுப் பிள்ளை மறுநாள் வராது. அவர் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தது ஒரு போராட்டம். அதைக் கலையாக மேடையில் ஏற்றியது இன்னொரு போராட்டம். இரண்டும் தமிழ்நாட்டில் ஒரே காலத்தில் நடந்தவை. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறை அடிக்கிறார்கள், பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள் என்றெல்லாம் சொல்லலாம். ஆனால் அந்தத் தகப்பனாருக்கு விருது பதில் ஆகாது. நீங்கள் எழுதி ஒட்டும் விதிதான் பதில்.

விதி இப்படி இருக்க வேண்டும். மையத்துப் பறை சாவுக்குப் போகாது, இரவலாகவும் போகாது. ஊர்த் திருவிழாவில் சாமி முன்னால் அடிக்கவும் போகாது. யார் பிள்ளையானாலும் விருப்பம் இருந்தால்தான் பறை. வேண்டாம் என்றால் ஓவியம், நாடகம், சதுரங்கம், கீபோர்டு எதுவானாலும் அதே நேரத்தில் இருக்கும். வெளியே அழைத்தால் நான்கு விஷயம் முன்கூட்டியே கேட்கப்படும்: மேடை உண்டா, உட்கார நாற்காலி உண்டா, மற்ற விருந்தினர் சாப்பிடும் பந்தியிலேயே சாப்பாடா, பணம் எவ்வளவு. நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் போவதில்லை. இதைப் பெரிய எழுத்தில் சுவரில் எழுதி, அந்தத் தகப்பனாரையே படிக்கச் சொல்லுங்கள். பிறகும் அவர் மகனை நாடகத்துக்கு மட்டும்தான் அனுப்புவேன் என்றால் அனுப்பட்டும்.

பயிற்சி நேரத்தில் காலனியில் சாவு விழுந்தால் அன்றைக்குப் பறை கிடையாது. இதைப் பிள்ளைகளே முதலில் சொல்வார்கள். அடக்கம் முடியும்வரை வாசிப்பு மட்டும். மறந்துபோய் ஒருமுறை அடித்துவிட்டால், அந்த வீட்டார் மனதில் அது ஆறு மாதம் நிற்கும்.

பறை ஆசிரியருக்குக் கணக்குப் பாடம் எடுக்கும் பட்டதாரிக்குக் கொடுக்கும் அதே மணிக்கூலி. அவர் பெயருக்கு முன்னால் 'ஆசிரியர்' என்ற சொல், வருகைப் பதிவேட்டில் அதே பக்கம், உட்கார அதே நாற்காலி. கையெழுத்துப் போடத் தெரியாதவராக இருந்தால் முதலில் அதைப் பிள்ளைகளில் ஒருவர் அவருக்குச் சொல்லித்தரட்டும். இது நடந்த மையங்களில் அடுத்த மாதமே சில அம்மாக்கள் வாசிப்பு வரிசையில் வந்து உட்காருவதைப் பார்க்கலாம்.

சுண்டல் யார் வீட்டில் வேகிறது

முப்பது பிள்ளைகளுக்குக் காய்ந்த கொண்டைக்கடலை ஒரு கிலோ. எட்டு மணி நேரம் ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்குக் குறையாது, ஆளுக்கு எழுபது கிராம் வரும். காலையில் ஊறப்போட மறந்த நாளைக்குப் பச்சைப்பயறு, அது ஊறாமலே வேகும். வாரத்தில் ஒருநாள் முட்டை. வேர்க்கடலை வேண்டாமென்று இல்லை, பூஞ்சை வாசம் வந்ததை மட்டும் கொட்டிவிடுங்கள்.

அளவு சுலபம். யார் சமைப்பது என்பதுதான் பாடம். காலை உணவுத் திட்டத்தில் பட்டியல் சாதிப் பெண் சமைத்ததால் பிள்ளைகளைச் சாப்பிட விடாத செய்திகள் 2023ல் வந்தபோது எல்லாரும் ஊரைத் திட்டினோம். காலனிக்கு உள்ளேயும் தெரு இருக்கிறது. பறையர் தெருப் பிள்ளை அருந்ததியர் வீட்டுச் சுண்டலைக் கையில் வாங்கி, சுவருக்குப் பின்னால் கொட்டிவிட்டு வரும். இருளர் பிள்ளை கடைசியில் உட்காரும், யாரும் சொல்லாமலே. சமூகநீதி என்று பலகையில் எழுதிவிட்டு இதைப் பார்க்காமல் இருந்தால் மிச்சமெல்லாம் வேஷம்.

செய்ய வேண்டியது பேச்சு இல்லை, முறைப்பட்டியல். வாரத்துக்கு ஒரு வீடு, தெரு தாண்டித் தெரு, எழுத்துவரிசைப்படி பெயர். கடலையை மையம் கொடுக்கும், விறகும் உப்பும் வீட்டார். தட்டு எல்லாம் மையத்துடையது, ஒரே அளவு, ஒரே கடையில் வாங்கியது. வீட்டிலிருந்து தட்டு கொண்டுவரக் கூடாது. ஆசிரியர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அதே தட்டில், முதல் கவளம் எடுக்க வேண்டும். ஒரு வீட்டு வாரத்தில் மட்டும் பிள்ளைகள் வருகை குறைகிறதா என்று பதிவேட்டில் பாருங்கள். குறைந்தால் அந்த வீட்டுக்கே அடுத்த வாரமும் முறை. கோபத்தில் இல்லை, "போன வாரம் நிறையப் பேர் வரலை, அதனால இன்னொரு வாரம்" என்று சொல்லி. மூன்றாவது வாரத்துக்குப் பெரும்பாலும் போகாது.

துடைப்பத்துக்கும் இதே முறைப்பட்டியல். பையன்கள் பெருக்கும்போது யாராவது ஓர் ஆயா வந்து, "ஆம்பளப் புள்ளய ஏம்ப்பா" என்று பிடுங்குவார். சிரித்துக்கொண்டே திரும்ப வாங்கிப் பையனிடம் கொடுங்கள். கழிவறை மட்டும் பிள்ளைகள் வேலை இல்லை. எந்தச் சாதிப் பிள்ளையையும் அதற்கு விடக் கூடாது, தண்டனையாகக் கனவிலும் கூடாது. ஆசிரியர்கள் முறைபோட்டுக் கழுவ வேண்டும், பிள்ளைகள் பார்க்கும்படி.

சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு விஷயத்தில் நீதிபதி சந்துரு குழு 2024ல் கொடுத்த அறிக்கை வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு ஆகியவற்றுக்குத் தடை வேண்டும் என்றது. மையத்தில் கயிற்றை அறுத்தெறியச் சொல்லி மல்லுக்கு நிற்க வேண்டாம். பறைக் குச்சி பிடிக்கும் கையில் எதுவும் இருக்கக் கூடாது, வியர்வையில் அறுக்கும் என்று கருவியின் பேரில் விதி போடுங்கள். கழற்றிய கயிறு திரும்ப ஏறாமல் இருப்பதற்கான பேச்சை நாடகம் பார்த்துக்கொள்ளும்.

வாசிப்பு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வகுப்புப்படி உட்கார வைக்காதீர்கள். எழுத்து, சொல், பத்தி, கதை என்று நான்கு கூட்டம். ஏழாம் வகுப்புப் பிள்ளை சொல் கூட்டத்தில் உட்காருவான், கூச்சப்படுவான். அந்தக் கூச்சம் போக, அவனுக்குப் பறையில் ஒரு பொறுப்பு கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தனித்தனியாக வாசிக்கக் கேட்டு, கூட்டம் மாற்றுங்கள்.

பிள்ளைகள் பாடும் பாட்டே பாடநூல். நடவுப்பாட்டு, தாலாட்டு, ஏற்றப்பாட்டு என்று பாட்டிகளிடம் கேட்டு எழுதிவர வைக்கலாம். ஒப்பாரியை மட்டும் வீட்டுக்குள் பாடிக்காட்டச் சொல்லாதீர்கள். பல வீடுகளில் அபசகுனம் என்று பயப்படுவார்கள், திடலில் உட்கார்ந்து கேட்டால் பாடுவார்கள். எழுதிய பாட்டைச் சார்ட்டில் இரண்டு அங்குல எழுத்தில் ஒட்டினால், பிள்ளைகள் விரல் வைத்துக் கடகடவென்று படிப்பார்கள். ஏமாந்துவிடாதீர்கள், அது மனப்பாடம். வரிகளைச் சீட்டாக வெட்டிக் குலுக்கிப் போட்டு அடுக்கச் சொல்லுங்கள். பிறகு சொல் சொல்லாக வெட்டுங்கள். தடுமாறும் இடம் அங்கேதான் தெரியும்.

நாடகம்: யாரை மேடையேற்றக் கூடாது

பிரேசிலின் அகஸ்தோ போவால் உருவாக்கிய ஒடுக்கப்பட்டோர் அரங்கில் ஒரு முறை இந்த வேலைக்குப் பொருந்தும். ஏழெட்டு நிமிட நாடகம், அநியாயம் ஜெயிப்பதோடு முடியும். இரண்டாம் முறை அதே நாடகம். பார்ப்பவர் யாரானாலும் "நிறுத்து" என்று கத்தி, பாதிக்கப்பட்டவர் இடத்தில் தான் போய் நின்று வேறு மாதிரி செய்து பார்க்கலாம். அநியாயம் செய்பவரின் இடத்துக்குப் போய் அவரை நல்லவராக மாற்றுவது செல்லாது. அது மந்திரம். பேருந்தில் இருக்கை, ரேஷன் கடை வரிசை, கழிவறை கழுவச் சொல்லும் பகல் பள்ளி, பத்தாவதோடு கல்யாணம் எல்லாம் இதில் வரும். கூட்டத்தை நடத்திச் செல்பவர் ஒருவர் வேண்டும். அவர் வேலை கேள்வி கேட்பது மட்டும்: "இது நடக்குமா? நாளைக்கு என்ன ஆகும்?" பதிலைத் தானே சொல்லிவிடும் ஆசிரியர் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

இங்கேதான் நல்ல மனதோடு பெரிய தீங்கு செய்துவிட முடியும். உண்மையில் அவமானப்பட்ட பிள்ளையை அதே வேடத்தில் நிறுத்தாதீர்கள். அழுகை வரும், கைதட்டும் வரும், அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வராது. உள்ளூர் ஆசிரியர், கடைக்காரர், தலைவர் யாரையும் அடையாளம் தெரியும்படி நடிக்க விடாதீர்கள். குரல், நடை, மீசை எதுவும் கூடாது. மாலையில் கைதட்டு வாங்கிய பிள்ளை மறுநாள் காலை அதே ஆசிரியர் முன்னால்தான் நிற்க வேண்டும். ஊர் பெயரை மாற்றுங்கள், நடந்த பொருளை மாற்றுங்கள். டம்ளரில் நடந்ததைச் சைக்கிளில் நடந்ததாகச் சொல்லுங்கள். முதல் ஆட்டம் காலனித் தாய்மாருக்கு மட்டும். அவர்கள் "இத வெளிய போடாதீங்க" என்றால் போடக் கூடாது, காரணம் கேட்காதீர்கள்.

வட்டத்தில் பேசும்போது ஒரு பிள்ளை தனக்கு நடந்த பாலியல் வன்முறையைச் சொல்லக்கூடும். கலை வகுப்பில் இது அடிக்கடி வெளியே வரும், ஏனென்றால் வேறெங்கும் யாரும் கேட்பதில்லை. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. குடும்பத்தோடு பேசிச் சமாதானம் செய்யும் உரிமை உங்களுக்கு இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். எண்ணைப் பிள்ளைகள் கண்ணுக்கு நேரே, அவர்கள் உயரத்தில் எழுதி வையுங்கள். ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாகக் கதவடைத்து இருக்கக் கூடாது என்பது பறை ஆசிரியருக்கும் சங்கத் தலைவருக்கும் ஒன்றுதான்.

பெண்பிள்ளைகள்

எட்டாம் வகுப்பு வரை பாதிக்குப் பாதி வருவார்கள். சடங்கு சுற்றியதும் ஒவ்வொருவராக நிற்பார்கள். வீட்டில் காரணம் கேட்டால் "படிப்பு" என்பார்கள். இருட்டும் வழியும் ஆண் ஆசிரியரும்தான் காரணம். மூன்றும் சரிசெய்யக் கூடியவை. பெரிய பெண்களுக்கு ஞாயிறு காலை 10 முதல் 12 வரை தனி வகுப்பு, ஒரு பெண் ஆசிரியர், வகுப்பு முழுக்க உட்கார்ந்து வெற்றிலை போடும் ஒரு பாட்டி. இந்தப் பாட்டி எந்தத் திட்ட அறிக்கையிலும் இருக்க மாட்டார். அவர் இல்லாமல் மையம் ஓடாது. பறை வாரை தோளில் குறுக்காகப் போடும்போது துப்பட்டா சிக்கும். இரு பக்கமும் ஊக்குப் போட்டு, மேலே அரைக்கைச் சட்டை மாட்டினால் கை தடையில்லாமல் வீசும். வெளியூர் நிகழ்ச்சி என்றால் ஐந்து பெண்களுக்கு ஓர் அம்மா. உடை மாற்ற அறை இருக்கிறதா என்று முந்தின நாளே போய்ப் பாருங்கள். "ஸ்கிரீன் கட்டித் தர்றோம்" என்பதை நம்பாதீர்கள்.

அழைப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. மையம் கொஞ்சம் பெயர் எடுத்ததும் தொண்டு நிறுவனங்களும் கட்சிகளும் கல்லூரிகளும் கூப்பிடும். விருந்தினர் காரிலிருந்து இறங்கும்போது வெயிலில் நின்று வரவேற்புப் பறை அடிப்பதற்குத்தான் பாதி அழைப்பு. வாசலில் நிற்க வேண்டாம் என்றுதான் இத்தனையும் செய்தோம். மாதத்துக்கு ஒரு வெளிநிகழ்ச்சி, பிப்ரவரி மார்ச்சில் எதுவும் இல்லை, வரவேற்பு அடி எந்த மாதத்திலும் இல்லை. அம்பேத்கர் பிறந்த நாளான ஏப்ரல் 14க்கும் பெரியார் பிறந்த நாளான செப்டம்பர் 17க்கும் காலனியிலேயே விழா வையுங்கள். காவல் நிலையத்துக்கு ஒரு வாரம் முன்பே மனு, ஒலிபெருக்கி இரவு 10 மணிக்குள். ஊர்த்தெரு வழியாக ஊர்வலம் போகலாமா என்று பெரியவர்களுக்குள் வாக்குவாதம் வரும். பெரியவர்கள் தங்கள் உரிமைக்குப் போகட்டும். பிள்ளைகளை முன்னால் நிறுத்தி அந்தத் தெருவைச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

பணம்

நூறு ரூபாய் வந்தால் அறுபது ஆசிரியர் கூலிக்கு, இருபது சுண்டலுக்கு, பத்து கருவி பழுதுக்கு, பத்து மின்சாரம் சார்ட் மாத்திரை இத்யாதிக்கு என்று பிரித்தால் ஓடும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கருவியும் பேனரும் வாங்கிவிட்டு, ஆசிரியரைத் தன்னார்வலர் என்கிறார்கள். சம்பளமில்லாத கல்லூரிப் பிள்ளை எட்டு மாதம் வருவார். பிறகு டிஎன்பிஎஸ்சி, அல்லது திருப்பூர். அதைக் குற்றம் சொல்ல முடியாது. 2021ல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில்கூடத் தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். ஒரே ஆசிரியரை நம்பி மையம் திறக்காதீர்கள். இருவர் இல்லாமல் கதவு திறக்கக் கூடாது.

சங்கமாகப் பதிய 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். நான்கு பேராவது காலனியைச் சேர்ந்தவர்களாக இருக்கட்டும், அதில் இருவர் பெண்கள். அறக்கட்டளை பதிவது சுலபம்தான், ஆனால் இரண்டு மூன்று பேர் கையில் எல்லாம் தங்கிவிடும். வெளிநாட்டில் வேலைபார்க்கும் இந்தியக் குடியுரிமை உள்ள நண்பர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் தொல்லை இல்லை. குடியுரிமை மாற்றிக்கொண்டவர் அனுப்பும் ஆயிரம் ரூபாயும் வெளிநாட்டு நிதி, வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. பாசத்தில் வாங்கிவிட்டு மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

மாத வரவு செலவைச் சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கதை கூட்டத்துப் பிள்ளைகள் எழுதட்டும், கூட்டிப் பார்க்கட்டும். நிகழ்ச்சிப் பணத்தில் ஆசிரியர் பங்கு போக மீதி கருவி நிதிக்கு என்பது அதிலேயே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் "எம்புள்ளய வெச்சுச் சம்பாதிக்கிறாங்க" என்ற பேச்சு கிளம்பும், கிளம்பினால் அடங்காது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் பறைகளைத் தரையிலிருந்து எடுத்து, சுவரைத் தொடாமல் மூங்கிலில் தொங்கவிடுங்கள். பசையின் வாசத்துக்கு எலி வரும், ஓர் இரவில் விளிம்பைச் சுற்றிக் கடித்துவிடும். கூடத்துக்குச் சாவி இரண்டு: ஒன்று அந்த வாரம் சுண்டல் வேகும் வீட்டில், இன்னொன்று ஞாயிற்றுக்கிழமைப் பாட்டியிடம்.